பாலம் ஆள் கேக்குது

மன்னிச்சுக்கங்க ஃபாதர். வண்டி இதுக்கு மேல போகாது. ரிப்பேர் எல்லாம் ஒண்ணுமில்ல, வண்டி நல்லாத்தான் ஓடுது. எனக்குத்தான் கால் வரமாட்டேங்குது.  பூசைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்குல்ல? ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. சொல்லி முடிச்சுட்டேன்னா ஒருவேளை தைரியம் வரும்.

அந்தா தெரியுதுல்ல, அதான் பாலம். வளைவு வளைவா அஞ்சு கண்ணு. நடுவுல மேடு. அறுநூறு வருஷம் ஆச்சாம். ஒரு வண்டிதான் போகலாம், எதுத்தாப்ல இன்னொண்ணு வந்தா ஒருத்தர் பின்னாடி எடுத்தே ஆகணும். நடந்து போறவங்க ஒதுங்கிக்க அங்கங்க முக்கோணமா இடம் விட்டிருக்கான் பாருங்க. கட்டுனவன் கெட்டிக்காரன், அதுல நான் குறை சொல்லமாட்டேன். நானும் அந்த வேலைதான். திண்டுக்கல் பக்கம் பதினெட்டு வருஷம் கொத்தனாரு. எங்க ஊரு அந்தோணியார் கோவில் கோபுரம் இருக்கே, அது நான் வச்ச கோபுரம். சவரிமுத்து மேஸ்திரின்னு கேட்டா வீடு காட்டுவாங்க. இந்தச் சீமைக்கு வந்து கோழிப்பண்ணையில முட்டை ஏத்தி இறக்குறேன். என் சம்சாரம் ஜெசிந்தாவுக்கு முதியோர் இல்லத்துல வேலை கிடைச்சுச்சு, அவ விசாவுல ஒட்டிக்கிட்டு வந்தவன் நான். பொண்ணும் இங்கதான் ஆறாவது படிக்குது. அத ஞாபகம் வச்சுக்கங்க ஃபாதர். என்மேல ஒரு கேஸு விழுந்துச்சுன்னா மூணு பேரையும் பெட்டியக் கட்டச் சொல்லிருவான்.

மெயின் ரோட்டுப் பக்கமாச் சுத்திப் போகலாம்தான். பதினாலு மைல். ரெண்டு வாரமா நான் அப்படித்தான் வேலைக்குப் போறேன். இன்னைக்கு ரயில் ஸ்டேஷன்ல உங்கள ஏத்திக்கிட்டதும் ஒரு தைரியம் வந்துச்சு. பக்கத்துல ஒரு சாமியார உக்கார வச்சுக்கிட்டா அது நம்மள என்ன செஞ்சிரும்னு இந்த வழியில விட்டேன். இங்க வந்து அதப் பாத்த உடனே எல்லாம் போயிருச்சு.

எதுன்னா? பாலம்தான் ஃபாதர். பாலத்தத்தான் சொல்றேன்.

சிரிக்காதீங்க. உங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம்னு ஜெசிந்தா சொன்னா. அங்கயும் இந்தப் பேச்சு இருந்திருக்குமே, பாலம் கட்டுறதுக்குப் பலி குடுக்கப் பிள்ளை பிடிக்க வந்திருக்காங்கன்னு? எனக்கு அப்ப ஏழு வயசு. குடகனாத்துக்குக் குறுக்க பாலம் கட்டுனாங்க. தூண் நிக்கமாட்டேங்குது, பாலம் ஆள் கேக்குதுன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. மூணு நாளு பள்ளிக்கூடம் அனுப்பாம எங்கள உள்ள போட்டுக் கதவச் சாத்தி வச்சாங்க. பெரியவனாகி நானே சின்னச் சின்னப் பாலத்துக்கெல்லாம் கல்லு வச்சிருக்கேன். அதெல்லாம் சும்மா கதைன்னு எனக்குத் தெரியும். தெரியும் ஃபாதர். பயம் என்ன, கேட்டுக்கிட்டா வருது?

நவம்பர் கடைசி. மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. முட்டை வண்டியில வர்றேன், எதுத்தாப்ல ஒரு டிராக்டர். அவரு மேட்ட ஏறி வந்துட்டார், நான்தான் பின்னாடி எடுத்தேன். லேசா ஒரு இடி. கைப்பிடிச் சுவத்து மேல மூடிக்கல்லு வச்சிருக்கான் பாருங்க, அதுல ஒண்ணு, அரை ஆள் நீளம் இருக்கும், ஆடுச்சு. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டு இருக்கையிலேயே ஆடி ஆடிப் போயிருச்சு. கீழ கரைச் சேத்துல விழுந்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. டிராக்டர்காரர் கையத் தூக்கி நன்றி சொல்லிட்டுப் போறார்.

பாலத்துக்கு முன்னால ஒரு பலகை இருக்கு. அத போட்டோ பிடிச்சு, எதுக்குன்னு சொல்லாம, ஜெசிந்தாகிட்டக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அரசாங்கம் பாதுகாக்கிற சின்னமாம். சேதப்படுத்துனா தண்டனையாம். அதக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. வாசல்ல கார் நின்னா போலீஸுங்கிறேன், போன் அடிச்சா போலீஸுங்கிறேன். குளிர்ல இப்படி ஆகுது போலன்னு அவ மிளகு ரசம் வச்சுக் கொடுக்குறா.

டெரிக்னு ஒரு பெரியவர் இருக்கார். எழுபத்தெட்டு வயசு. தினமும் காலையில நாயக் கூட்டிக்கிட்டு பாலத்துல ஒரு நடை போயிட்டு வருவார். இந்த ஊர்ல என்னை நிறுத்தி, சாப்பிட்டியா, பொண்ணு நல்லாப் படிக்குதான்னு விசாரிக்கிற ஒரே மனுஷன். சவரிமுத்துன்னு வாயில வராது, சாம்னு கூப்பிடுவார். அவரு ஒரு நாள் அந்தக் கல்லு விழுந்த இடத்தக் காட்டி, "சாம், இது வருஷா வருஷம் நடக்கும். நானே சின்ன வயசுல டிராக்டர விட்டு ஒரு கல்ல ஆத்துல தள்ளியிருக்கேன். கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டா வந்து வச்சிட்டுப் போவாங்க"ன்னு சிரிக்கிறார். எனக்குப் புரிஞ்சுபோச்சு. போட்டு வாங்குறார்.  ஆமா ஆமான்னு நாயத் தடவிக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

அன்னைக்குத்தான் இன்னொண்ணும் சொன்னார். பாலம் கட்டும்போது ஒரு கல்தச்சன் மேலேர்ந்து விழுந்து செத்தானாம். நடுத்தூணுக்குள்ளேயே வச்சு மூடிட்டாங்களாம். பியர் குடிக்கிற எடத்துல சொல்லிச் சிரிக்கிற கதைதான்னு அவரே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரல ஃபாதர்.  அப்ப இதுவும் ஆள் வாங்குன பாலம். அதுலேர்ந்துதான் நான் ஒரு கல்லப் பேத்து எறிஞ்சிருக்கேன்.

வச்சிரணும்னு முடிவு பண்ணுனேன். யாருக்கும் தெரியாம அது இருந்த எடத்துலேயே வச்சிட்டா ஒரு பிரச்சனையும் இல்ல. எப்ப வைக்கிறது? கிறிஸ்துமஸ் அன்னைக்கு. உங்களுக்கே தெரியும், கிறிஸ்துமஸ் அன்னைக்கு இந்த நாடு செத்துக் கிடக்கும். பஸ் கிடையாது, கடை கிடையாது, ரோட்டுல ஈ காக்கா இருக்காது. ஜெசிந்தாவுக்கு டூட்டி. பொண்ண டிவி முன்னாடி உக்கார வச்சுட்டு, பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். பொய் ஃபாதர். நாப்பத்தி மூணு வயசுல நான் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகாதது அந்த ஒரு தடவைதான். அத நான் பாவசங்கீர்த்தனத்துல தனியாச் சொல்றேன், இப்ப விட்டுருங்க.

பகல் பன்னெண்டு மணி. பலகையச் சாச்சு, கயிறு கட்டி வண்டியில இழுத்து, கடப்பாரையப் போட்டு நெம்பி, ஒத்த ஆளா அந்தக் கல்ல மேல ஏத்துனேன். பழைய காரைய நோண்டிப் பாத்தா வெறும் சுண்ணாம்பு. கையில மாவாட்டம் உதிருது. இத வச்சு எப்படிடா இத்தன வருஷம் நின்னுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். நான் நல்ல சிமெண்டு, ஒண்ணுக்கு மூணு மணல் போட்டுக் கெட்டியாக் கலந்தேன். என் கல்லுக்கு மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் பழைய கல்லுக இடுக்கெல்லாம் சேத்து இறுக்கிப் பூசி விட்டேன். செய்யிறதச் சுத்தமாச் செஞ்சிருவோம்னு. நூல் பிடிச்சுப் பாத்தேன், ஒரு மயிரிழை பிசகல.

அப்பறம் தண்ணி. சிமெண்டு வச்சுட்டுத் தண்ணி ஊத்தாமப் போறவன் கொத்தனாரே இல்ல ஃபாதர். பச்சப் பிள்ளைக்குத் தாய்ப்பால் மாதிரி அதுக்குத் தண்ணி. ஏழு நாளு ஊறணும். என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பயலுக எத்தன பேர இதுக்காக அடிச்சிருக்கேன்! காலையில ரெண்டு கேன், சாயங்காலம் ரெண்டு கேன், ஒரு கேன் இருபது லிட்டர். வீட்டுலேர்ந்து பிடிச்சுட்டு வந்து குளிக்க ஊத்துற மாதிரி ஊத்துவேன். விரலெல்லாம் மரத்துப்போயிரும். ஒரு வேளை தவறவிடல.

நாலாம் நாளு குளிர் ஏறிப்போச்சு. மைனஸ் ஆறு. தண்ணிய ஊத்திட்டு நிக்கிறேன், கல்லுக்குள்ளேருந்து டிக்னு ஒரு சத்தம். யாரோ உள்ள உக்காந்து விரலால சுண்டுன மாதிரி. நான் கேன அங்கேயே போட்டுட்டு ஓடியே வந்துட்டேன். மறுநாள் போய்ப் பாத்தா, என் கல்லுக்கு ரெண்டு பக்கமும் இருந்த பழைய கல்லு பிளந்து நிக்குது. நான் வண்டியில இடிக்காத கல்லு ஃபாதர்! அறுநூறு வருஷம் பிளக்காத கல்லு! எதுக்குப் பிளக்கணும்? என் வேலையத் துப்புது. உன் கை பட்டது எனக்கு வேண்டாம்னு துப்புது.

அப்பறம் கொத்தனார் புத்தி என்ன சொல்லுச்சு? சிமெண்டு இன்னும் ஊறல, அதான் பிடிக்கமாட்டேங்குதுன்னு சொல்லுச்சு. ஏழு நாளோட நிறுத்தல. ரெண்டு கேன மூணாக்குனேன்.

ஜனவரி ஆறு, மூணு ராசாக்கள் திருநாள் அன்னைக்குக் காலையில கேனோட வர்றேன். நாய் விடாம குலைக்குது. மேட்டுக்கு இந்தப் பக்கம் சரிவுல டெரிக் கிடக்கார். ஒரு கால் மடங்கக்கூடாத பக்கமா மடங்கிக் கிடக்கு. இப்ப நல்லாக் கவனிங்க. ராத்திரி மழை இல்ல, பனி கொட்டல, ரோடு பூரா காஞ்சு கிடக்கு. பாலத்துல மட்டும், அதுவும் இந்தச் சரிவுல மட்டும், கண்ணாடி மாதிரி ஐஸ். எங்கேருந்து வந்துச்சு? மேலேர்ந்து விழுந்திருந்தா ரோடு முழுக்கல்ல விழுந்திருக்கணும்? அந்தப் பாலத்துக்கு வேர்த்திருக்கு ஃபாதர். ஆளத் தள்ளி விடணும்னே வேர்த்திருக்கு. கல்லு போதாது, ஆள் கேக்குது.

இனிமே சொல்லப்போறது ஜெசிந்தாவுக்குக் கூடத் தெரியாது. அவரு "சாம், சாம்"னு முனகுறார். என் கையில கேன் இருக்கு. யாராவது பாத்தா, இந்தக் காலையில கேனோட இவனுக்குப் பாலத்துல என்ன வேலைன்னு கேப்பாங்களேன்னு நான் மொதல்ல திரும்பி ஓடுனேன். வேலிக்குள்ள கேன ஒளிச்சேன். அப்பறம்தான் அவர்கிட்ட வந்தேன். இங்க டவரும் கிடைக்காது, மேட்டுத் தெரு வரைக்கும் ஓடித்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். ஒரு மூணு நிமிஷம் போயிருக்கும். நாலும் இருக்கலாம். அந்தக் குளிர்ல, அந்த வயசுல.

அவரு என்ன சொல்றார் தெரியுமா? சாம் இல்லைன்னா நான் செத்திருப்பேங்கிறார். போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் சொல்றார். கடைக்காரம்மா கேக் செஞ்சு கொண்டாந்து கொடுத்துச்சு. பள்ளிக்கூடத்துல பொண்ணுக்குக் கை தட்டுனாங்களாம். நான் அத வாங்கி வச்சுக்கிட்டு முழிக்கிறேன். இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணி, இப்ப ஜெசிந்தா இருக்கிற இல்லத்துலதான் அவரக் கொண்டாந்து விட்டிருக்காங்க. காலையில சாக்ஸ் மாட்டி விடையில என்னையப் பத்தி ஒரு வார்த்தையாவது சொல்வாராம். அவ வந்து என்கிட்ட ஒப்பிப்பா. அவளுக்குப் பெருமை தாங்கல. இனிமே அவர் நடக்கிறது சந்தேகம்னும் அவதான் சொன்னா. சொல்லிட்டு அழுதா.

இன்னும் இருக்கு, கேளுங்க. அவர் விழுந்த மறுநாள் போய்ப் பாக்குறேன், சரிவு பூராவும் உப்பு. கல்லுப்பு, செம்மண்ணு கலந்த மாதிரி.  அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, வெள்ளக்காரனுக்கும் இது தெரிஞ்சிருக்கு. நம்ம ஊர்ல கண்ணு பட்டா உப்பு சுத்திப் போடுவோம்ல, அந்த மாதிரி இவங்களும் பாலத்துக்குச் சுத்திப் போட்டிருக்காங்க. வாய விட்டுச் சொல்லமாட்டாங்க, படிச்சவங்க. உள்ளுக்குள்ள பயம் இருக்கு.

ஆனா உப்பு சிமெண்டுக்கு ஆகாது ஃபாதர். அரிச்சுத் தின்னுரும். எந்தக் கொத்தனாரக் கேட்டாலும் சொல்லுவான். அதனால மேட்டத் தாண்டாம, இந்தப் பக்கம் நின்னே பயந்து பயந்து நான் அதக் கழுவி விட்டேன். அவங்க போடப் போட நான் கழுவக் கழுவ, இப்படித்தான் ரெண்டு வாரமா நடக்குது.

போன புதன்கிழமை மஞ்சக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் வந்தான். கவுன்சிலா போலீஸா தெரியல. நான் அந்தா அந்தப் புதர் மறைவுல நின்னு பாக்குறேன். என் சிமெண்டத் தட்டிப் பாத்தான், பிளந்த கல்லப் பாத்தான், போட்டோ எடுத்தான், தலையத் தலைய ஆட்டுனான். நான் நூல் பிடிச்சு வச்ச வேலையப் பாத்து ஒருத்தன் தலைய ஆட்டுறான், என்னால வெளிய வந்து கேக்க முடியல. யார் வேலைன்னு தெரிஞ்சா சொல்லுங்கன்னு காகிதம் ஒட்டிட்டுப் போயிருக்கான், பஸ்ஸுல போகையில பாத்துட்டுப் பொண்ணு சொல்லுச்சு. அதுலேர்ந்து பாலத்துக்கும் பயம், காகிதத்துக்கும் பயம்.

அதனாலதான் கேக்குறேன். பையில தீர்த்தம் வச்சிருப்பீங்கல்ல? இறங்கிப்போயி கொஞ்சம் தெளிச்சு, செத்துப்போன அந்தக் கல்தச்சனுக்கு ஒரு செபம் சொல்லுங்க. அதுக்குக் கோவம் அடங்கிரும். அடங்கலைன்னா அடுத்து என்னைத்தான் கேக்கும். இல்ல, எம் பொண்ணக் கேக்கும். பிள்ளைகளத்தான அது கேக்கும்? பொண்ணு இந்த வழியாத்தான் பள்ளிக்கூட பஸ்ஸுல போகுது.

என்ன ஃபாதர்? இன்னைக்கா? இன்னைக்கும்தான் ஊத்துனேன். ஆறரைக்கு, ஸ்டேஷனுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி. மூணு கேன். நேத்துப் போட்டிருந்த உப்பையும் சேத்துக் கழுவிட்டுத்தான் வந்தேன்.

எங்க போச்சுன்னா? எது, தண்ணியா? ஊத்துன தண்ணி எங்க போகும். காஞ்சிரும். நம்ம ஊர்ல அஞ்சு நிமிஷம் ஆகாது, ஊத்திட்டுத் திரும்பிப் பாத்தா காஞ்சிருக்கும். திரும்ப ஊத்தணும்.

இங்கயா? இங்க வந்து... வெயில்ல...

இங்க எங்க ஃபாதர் வெயில் இருக்கு.

உப்பு எதுக்குன்னு சொன்னீங்க? ஐஸ் உருகுறதுக்கா? எல்லா ஊர்லயுமா? நீங்க படிக்கிற பர்மிங்காம்ல லாரியில வந்தே கொட்டுவாங்களா? கண்ணுக்கு இல்லையா அது? கண்ணு திருஷ்டிக்கு இல்லையா?

கொஞ்சம் இருங்க. பேசாதீங்க, கொஞ்சம் இருங்க.

கல்லுக்குள்ள இறங்குன தண்ணி. அதுவும் உறைஞ்சிருக்கும். உறைஞ்சா வீங்கும். தண்ணிப் பாட்டில ஃப்ரீசர்ல வச்சு பொண்ணு வெடிக்க வச்சிருக்கு, அது எனக்குத் தெரியும் ஃபாதர். தெரிஞ்சே இருந்திருக்கு. ஆறு கேன். ஒரு நாளைக்கு ஆறு கேன் தண்ணிய நானே தூக்கிட்டு வந்து அந்தச் சரிவுல... அவர் தினம் அதுலதான் நடப்பார்னும் தெரியும். அவர் விழுந்தப்பறம் உப்ப வேற... அய்யோ.

அப்ப அது ஒண்ணுமே கேக்கல. பாலம் சும்மா கிடந்திருக்கு. அது பேயாவே இருந்திருக்கலாம் ஃபாதர். பேய்னா செபத்துக்காவது போயிரும்.

யாரது, அந்தப் பக்கம்?

ஜெசிந்தா. பூசை வைக்கிற ஹால் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். மெயின் ரோட்டு வழியா வந்து நாற்காலி போட்டுட்டு, நம்மளக் காணோம்னு வெளிய வந்திருக்கா, வண்டி இங்க நிக்கிறதப் பாத்துட்டா. கையக் காட்டுறா. ஃபாதர், அவ நடந்து வர்றா. பூசைக்குன்னு சேல கட்டி அந்த வழுவழுச் செருப்பப் போட்டிருக்கா. இறங்குங்க ஃபாதர், இறங்குங்க!

ஜெசிந்தா! நில்லு! அங்கேயே நில்லு!

சிரிக்கிறா. "ஃபாதர ஏங்க நடுரோட்டுல உக்கார வச்சிருக்கீங்க, எல்லாரும் வந்துட்டாங்க"ங்கிறா. வராதடி! ஐஸ் இருக்கு! "எனக்குத் தெரியாதா, பாத்துத்தான் வர்றேன்"ங்கிறா. மேட்டுல ஏறிட்டா ஃபாதர். அந்தப் பக்கம் காஞ்சுதான் கிடக்கு, அவளுக்கு என்ன தெரியும். இந்தப் பக்கம் பாருங்க எப்படிப் பளபளங்குதுன்னு. இன்னும் நாலு எட்டு. நான் ஓடிப்போயும் பிடிக்க முடியாது, நானே விழுந்துருவேன். ஜெசிந்தா! சொன்னாக் கேளுடி! என்னத்தச் சொன்னா ஃபாதர் அவ நிப்பா?

ஜெசிந்தா! டெரிக்கத் தள்ளி விட்டது நான்தான்! நான் ஊத்துன தண்ணிடி அது! கல்ல இடிச்சதும் நான்தான், பூசுனதும் நான்தான், அவர் கிடக்கையில கேன ஒளிக்க ஓடுனதும் நான்தான்! காலக் கீழ வைக்காத!

நின்னுட்டா.

நின்னுட்டா ஃபாதர். சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறா. நீங்க இந்தப் பக்கம் நின்னு ஒரு வண்டியும் ஏறிராமப் பாத்துக்கங்க, ஒரு ஆளையும் விட்டுராதீங்க.

என்னமோ கேக்குறா.  "டெரிக்குக்குத் தெரியுமா?"ங்கிறா. என்னையத் திட்டல ஃபாதர், ஏன் செஞ்சேன்னு கேக்கல. அத மட்டும் கேக்குறா.

தெரியாது ஜெசிந்தா. நீ சொல்லிராத. சுவத்த விடாமப் பிடிச்சுக்கிட்டு அப்படியே திரும்பி நட. அவர்கிட்ட நானே வந்து சொல்றேன்.